எட்டாம் ஹென்றியின் ஊரில் துணிக்கடை, தோல்கடை

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அனாபொலிஸ் பக்கம் கிரவுன்ஸ்வில் என்று ஓர் ஊர். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை, வார இறுதிகளில் அங்கே மரநிழலில் 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கிராமம் ஒன்று நடக்கிறது. கிராமத்துக்கு ரெவல் குரோவ் என்று பெயர். அன்றைய இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியாக ஒருவர் வேஷம் கட்டுகிறார். 1977இல் தொடங்கிய மேரிலாந்து மறுமலர்ச்சித் திருவிழா இது. குதிரையில் வந்து ஈட்டியால் மோதும் விளையாட்டுக்குத்தான் கூட்டம் அதிகம். மேரிலாந்து 1962லேயே அதை மாநில விளையாட்டாக அறிவித்துவிட்டது. நான் போனது கடைகளுக்காக.

முதலில் வாடகை உடைக் கடை. கடைக்கார அம்மா முதலில் ஒரு லினன் உள்ளங்கியைக் கொடுத்தார். வியர்வையை அது வாங்கிக்கொள்ளும். அதை மட்டும் அடிக்கடி துவைத்தால் போதும், மேலே போடும் கனமான உடை அழுக்காகாது. அந்தக் காலத்து வழக்கமே அதுதானாம். அப்புறம் மார்க்கச்சை. பட்டன் எதுவும் கிடையாது, ஒரே கயிற்றைத் துளைகளில் சுற்றிச் சுற்றிக் கோத்து இறுக்குகிறார். கைகள் தனியாக வருகின்றன, தோளில் நாடாவால் கட்டிக்கொள்ள வேண்டும். உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் அதே உடை பொருந்தும், வேண்டும்போது வேறு கையை மாட்டிக்கொள்ளலாம். எவ்வளவு யோசித்துத் தைத்திருக்கிறார்கள்!

பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் ஊதாப் பட்டு மேலங்கியில் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தான். ஹென்றியின் நாடாளுமன்றம் 1510இல் யார் எந்தத் துணி உடுத்தலாம் என்று சட்டம் போட்டது. ஊதாப் பட்டு ராஜ குடும்பத்துக்கு மட்டும். இன்று வாடகை கட்டினால் யாருக்கும் அது கிடைக்கிறது. எனக்கு இந்தத் திருவிழாவில் மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

தோல்கடையில் நெடுநேரம் நின்றுவிட்டேன். கைவினைஞர் தோலை ஈரப் பஞ்சால் துடைத்து, இலை அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். காய்ந்த பிறகும் அந்த இலை அப்படியே நின்றது. மரப்பட்டையில் பதனிட்ட தோலில்தான் இப்படி அச்சு பதியும், குரோம் உப்பில் பதனிட்டதில் நிற்காது. நம் ஊரில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோலும் இந்த வகைதான் என்றேன். உடனே அந்தப் பட்டையைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். இடுப்புப் பட்டை ஒன்று வாங்கினேன். விலை அதிகம்தான், ஆனால் ஒவ்வோர் அச்சும் விழுவதைப் பார்த்த பிறகு பேரம் பேச மனம் வரவில்லை.

கண்ணாடி ஊதும் பட்டறையையும் விட்டுவிடாதீர்கள். ஊதி முடித்த குவளையை உலையில் வைத்து மெதுவாக ஆறவிட வேண்டும், அவசரப்பட்டால் விரிசல் விடும். அதனால் கண்முன் செய்த குவளை அன்றே கைக்கு வராது. முன்பு செய்து ஆறியவற்றில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

சரி, போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உடைக் கடைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் நல்ல அளவுகள் தீர்ந்துவிடுகின்றன. முடிந்தால் அக்டோபரில் போங்கள். ஆகஸ்ட் வெயிலில் வெல்வெட்டைத் தாங்க முடியாது.