பதினேழு

ஜனவரி 8

வங்கியில் வேளாண் கள அலுவலர் வேலைக்கான முதன்மைத் தேர்வு முடிவில் என் எண் இருக்கிறது. வயலுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். வரப்பில் நின்றபடியே, "போன தடவையும் இதுவரைக்கும் வந்ததுதானே, ஆயி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அந்த நாளை அவரும் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி நேர்முகம். நூறு மதிப்பெண். கடைசிக் கணக்கில் அது இருபதாகச் சுருங்கிவிடும். எழுத்துத் தேர்வுக்கு எண்பது. சென்ற ஆண்டு என்னைக் கவிழ்த்தது அந்த இருபதுதான்.

ஜனவரி 9

சென்ற ஆண்டு நேர்முகத்தில் "அடங்கல் வாங்குவேன்" என்று ஏன் சொன்னேன்? யார் எந்த நிலத்தை உழுகிறார் என்று சொல்லும் அந்தக் கிராமப் பதிவை? அதுவும் இரண்டு முறை.

ஜனவரி 12

நேர்முகப் பயிற்சிக்குச் சார் வீட்டுத் திண்ணை. மாலை ஐந்து மணியிலிருந்து விளக்கு வைக்கும் வரை.

உழவர் கடன் அட்டையின் வரம்பை எப்படிக் கணக்கிடுவாய் என்று கேட்டார். மூச்சு விடாமல் சொன்னேன். ஏக்கருக்கு மாவட்டக் குழு வகுத்த தொகையைப் பரப்பால் பெருக்க வேண்டும். அதன் மேல் பத்து சதவீதம், அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும். இருபது சதவீதம், பண்ணைச் சொத்துப் பராமரிப்புக்கு. பிறகு பயிர்க் காப்பீடு. ஆண்டுக்குப் பத்து சதவீதம் கூட்டி ஐந்து ஆண்டுக்கு வரம்பு. 1998-இல் வந்த திட்டம். எல்லாம் சரியாக இருந்தது.

சார் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "உங்கள் வீட்டு நிலத்துக்குப் போட்டுக் காட்டு."

மூன்று மாவுக்குப் போட்டேன். ஒரு ஏக்கர். நாங்கள் உழும் மீதி எட்டு மாவை ஏன் விட்டாய் என்று அவர் கேட்கவில்லை. ஊரில் இருப்பவர், அவருக்குத் தெரியாதா? காகிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜனவரி 15

புது நெல் இன்னும் வயலில் நிற்கிறது. கடை அரிசியில் பொங்கல். பொங்கும்போது அம்மா கிழக்கைப் பார்க்காமல் வயலைப் பார்த்தாள்.

ஜனவரி 19

அழைப்புக் கடிதம் வந்துவிட்டது. பிப்ரவரி 11, சென்னை, காலை 9 மணி.

படித்து முடித்ததும் வயிறு குளிர்ந்துபோயிற்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒரே எழுத்து. ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர். பட்டச் சான்றிதழில் அந்த ஒரு எழுத்து பின்னால் போயிருக்கிறது. மூன்று காகிதத்தில் மூன்று ஆள். அடையாள அட்டையும் அழைப்புக் கடிதமும் ஒத்துப்போக வேண்டும் என்று கடிதத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது.

சென்ற ஆண்டு இதை யாரும் பார்க்கவில்லை. இந்த ஆண்டும் பார்க்கமாட்டார்கள் என்று தம்பி சொல்கிறான். அவனுக்கு என்ன தெரியும்?

ஜனவரி 22

ஆதாரில் பெயரைத் திருத்தக் கும்பகோணத்துக்கு இரண்டாவது நாளாக அலைந்தேன். நேற்று இயந்திரம் ஓடவில்லை. இன்று விரல் ரேகை விழவில்லை. களை பறித்த கை, நாற்று முடிச்சு கட்டிய கை, ரேகை தேய்ந்திருக்கிறது. அங்கிருந்த பெண் என் விரலை ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து ஐந்தாவது முறையில் பதியவைத்தாள். அவள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

அப்பாவின் பெயர் இனி எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்து. பஸ்ஸில் வரும்போது, அவரைச் சுருக்கிவிட்டேனோ என்று ஒரு நினைப்பு வந்து நெஞ்சை அறுத்தது. அரசலாற்றுப் பாலம் தாண்டும் வரை அழுதேன்.

ஜனவரி 25

காப்பீடு. குறுவைக்கு விவசாயி கட்டுவது 2 சதவீதம், சம்பாவுக்கு 1.5, பணப் பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் 5. இழப்பீட்டை ஒருவர் வயலை வைத்துக் கணக்கிடுவதில்லை. அந்த வட்டாரத்தில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரிதான். அறுவடைக்குப் பின் பெய்யும் மழைக்கும் வழி உண்டு: அறுத்ததிலிருந்து 14 நாள் வரை. 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

72, 14. 72, 14. அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே அதையே சொல்கிறாள்.

ஜனவரி 28

மேட்டூரை மூடும் நாள். ஜூன் 12 திறப்பும் ஜனவரி 28 மூடலும் எங்கள் வீட்டில் பிறந்த நாள்களை விட நன்றாக நினைவிருக்கும் தேதிகள். அணையின் முழு அளவு 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, கட்டி முடித்தது 1934. கேட்டால் சொல்ல வேண்டும்.

அறுவடை மெஷின் இரவு எட்டு மணிக்குத்தான் எங்கள் வயலுக்கு வந்தது. விளக்கு வெளிச்சத்தில் பதினொரு மாவும் விழுந்தது. பத்து நாள் முன்பு நெல்லுக்குள் தெளித்த உளுந்து முளைத்திருந்தது. மெஷினின் சக்கரம் போன இடமெல்லாம் நசுங்கிவிட்டது. கையால் அறுத்த காலத்தில் இந்த நஷ்டம் இல்லை. ஆனால் கையால் அறுக்க இப்போது ஆள் எங்கே?

ஜனவரி 30

கொள்முதல் நிலையத்தின் வாசலில் எங்கள் நெல் அம்பாரம் ஏழாவது. இன்று பார்த்த ஈரப்பதம் 19.2 சதவீதம். பதினேழுக்குள் வந்தால்தான் எடுப்பார்கள். வெயில் நன்றாக இருக்கிறது, இரண்டு நாளில் வந்துவிடும் என்கிறார் அப்பா.

பிப்ரவரி 1

மழை.

பிப்ரவரி 2

நேற்று எழுத முடியவில்லை. பகல் இரண்டு மணிக்குப் பிடித்தது, ராத்திரி முழுக்கக் கொட்டியது. மூன்று படுதாதான் இருந்தது. அம்மாவின் இரண்டு பழைய புடவைகளையும் உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த விரிப்பையும் போட்டு மூடினோம். மேலே மூடலாம். அடியில் ஓடிவரும் தண்ணீரை என்ன செய்வது? அப்பாவும் தம்பியும் அம்பாரத்தைச் சுற்றி மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். மற்ற அம்பாரங்களைச் சுற்றியும் அதேபோல் ஆள்கள். யாரும் யாரோடும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து தலை துவட்டாமல் குறிப்பேட்டை எடுத்தேன். 72 மணி நேரம். 14 நாள். இன்னும் காலம் இருக்கிறது, இப்போதே தெரிவித்துவிடலாம் என்று விதியை முழுதாகப் படித்தேன். அறுத்து வயலிலேயே உலரப் போட்டிருக்கும் பயிருக்குத்தான் அது. எங்களுடையது வயலில் இல்லை. மெஷின் அறுத்து, அடித்து, நெல்லாக்கி, டிராக்டரில் ஏற்றி இங்கே கொட்டியாகிவிட்டது. பயிராக இருந்தால் காப்பீடு உண்டு. கிடங்குக்குள் மூட்டையாகப் போய்விட்டால் அது நம் கவலை இல்லை. நடுவில் இந்த அம்பாரம் இருக்கிறதே, ஆறு மாத உழைப்பும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறதே, இதற்கு எந்த விதியிலும் இடம் இல்லை.

எத்தனை முறை ஒப்பித்தேன் இதை. ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை.

பிப்ரவரி 4

21.4. அடியில் ஒரு சாண் உயரத்துக்கு முளை விட்டிருக்கிறது. அதைத் தனியே ஒதுக்கிவிட்டார் அப்பா. காலை முதல் நெல்லைக் காலால் தள்ளித் தள்ளிக் காயவிடுகிறோம். கையில் குறிப்பேடு, காலடியில் நெல்.

பிப்ரவரி 6

சார் கேட்டார்: "கூட்டுறவுச் சங்கத்தில் தவணை தவறாமல் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. உங்கள் வங்கியில் ஏழு சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் நான்கு. விவசாயி உன்னிடம் ஏன் வர வேண்டும்?"

சேவை, நம்பிக்கை, விரைவு என்று ஆரம்பித்தேன். நிறுத்து என்று கையைக் காட்டினார். "நீ விவசாயியாக இருந்தால் வருவாயா?"

வரமாட்டேன் என்றேன்.

"அதிலிருந்து தொடங்கு" என்று சொல்லிவிட்டுக் காப்பி கொண்டுவர உள்ளே போனார்.

பிப்ரவரி 7

18.3. அம்மாவின் பச்சைச் சுங்குடிப் புடவையைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன். அந்த மழையில் போர்த்தாமல் தப்பித்தது அது ஒன்றுதான்.

பிப்ரவரி 8

ராத்திரி இரண்டு மணி. சென்ற ஆண்டு கேட்ட அந்தக் கேள்வி: அடங்கல் இல்லாதவர் கடன் கேட்டு வந்தால் என்ன செய்வீர்கள்? வாய்மொழிக் குத்தகைதாரருக்கும் பங்கு சாகுபடியாளருக்கும் உழவர் கடன் அட்டை உண்டு. நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால், ஒருவருக்கு மற்றவர் பொறுப்பு. நிலப் பத்திரம் தேவையில்லை. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் வரை பிணையம் இல்லாமல் கொடுக்கலாம். அன்றும் இதில் பாதி எனக்குத் தெரியும். "அடங்கல் இல்லை என்றுதானே சொல்கிறேன்" என்று நேர்முகக் குழுவில் ஒருவர் மறுபடி கேட்டபோதும் அடங்கல் என்றே சொன்னேன். அப்பா அந்த எட்டு மா கோயில் நிலத்தை நான் பிறக்கும் முன்பிருந்து உழுகிறார். அவர் பெயரில் அடங்கல் இல்லை. அதை மறைக்கத்தான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேனோ?

இந்த முறை கேட்கட்டும். கேட்க வேண்டும்.

பிப்ரவரி 9

17.2. இன்னும் அரை நாள் வெயில்.

பிப்ரவரி 10

16.8!

எடை போட்டாயிற்று. நாற்பது கிலோச் சிப்பம் 171. முளைத்தது போக. அப்பா தலையெல்லாம் கருக்காயும் தூசியுமாக, குளிக்காமல் அப்படியே கும்பகோணம் ரயில் நிலையத்துக்கு வந்தார். உழவன் எக்ஸ்பிரஸ். பெட்டிக்குள் ஏறி என் பையை வைத்துவிட்டு இறங்கினார். ஒன்றும் சொல்லவில்லை. வண்டி நகர்ந்த பிறகு கையைத் தூக்கினார்.

பிப்ரவரி 11

எல்லாம் எழுதிவிட வேண்டும், மறப்பதற்குள்.

சான்றிதழ் சரிபார்ப்பு பத்து நிமிடம். பெயரைப் பார்த்தார், முத்திரை குத்தினார். அந்த இரண்டு நாள் அலைச்சலுக்கு இவ்வளவுதான். ஆனால் மறுபடியும் அலைவேன்.

நேர்முகக் குழுவில் ஐந்து பேர். ஒருவர் பெண். ஊர் பற்றிக் கேட்டார்கள். கல்லணையில் காவிரி எப்படிப் பிரிகிறது என்றார்கள்: காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய். நிலம் எவ்வளவு என்ற கேள்விக்குப் பதினொரு மா என்று வாய் தவறித் தமிழ் அளவில் சொல்லிவிட்டேன். மா என்றால்? மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்றேன். ஓரத்தில் இருந்தவர் அதை எழுதிக்கொண்டார்.

பிறகு கூட்டுறவுக் கேள்வி வந்தது. நெல்லுக்கான கடனைப் பொறுத்தவரை விவசாயி அங்கேயே இருக்கட்டும், நான் இழுக்கமாட்டேன் என்றேன். அறை அமைதியாயிற்று. அங்கே கிடைக்காததற்காக நான் அவரிடம் போவேன். பம்புசெட்டுக்கு, மாட்டுக்கு, அறுவடைக்குப் பிறகு வேண்டியதற்கு என்றேன். "அறுவடைக்குப் பிறகு என்ன வேண்டும்?" என்றார் அந்த அம்மையார்.

அம்பாரத்தைச் சொன்னேன். பயிருக்கும் கிடங்குக்கும் நடுவே காப்பு இல்லாத அந்த இடத்தை. 19.2 எப்படி 21.4 ஆயிற்று, 16.8-க்கு வர எத்தனை நாள் ஆயிற்று என்று நாள் நாளாகச் சொன்னேன். காயவைக்க ஒரு சிமெண்டுக் களமும் ஊருக்குப் பொதுவாக ஒரு உலர்த்தும் இயந்திரமும் இருந்தால் அந்த நாள்கள் மிச்சம், அதற்குக் கடன் கொடுக்க வங்கியால் முடியும் என்றேன். ஆங்கிலத்தில் தடுக்கியது. படுதாவுக்கு வார்த்தை வரவில்லை, தமிழிலேயே சொன்னேன். மழையில் முளைத்தது எவ்வளவு என்று கேட்டார் ஓரத்தில் இருந்தவர். இருபது சிப்பம் இருக்கும் என்றேன். என் குரல் உடையவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

அந்த அடங்கல் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 12

வீடு. தூக்கம். கனவில்கூட அவர்கள் அதைக் கேட்கவில்லை.

மார்ச் 3

நசுங்காமல் தப்பிய உளுந்து பூத்திருக்கிறது. ஆடுதுறை 3 ரகம். மஞ்சள் பூ.

மார்ச் 17

கோபமாக வருகிறது. எல்லார் மீதும். இன்று அம்மாவிடம் கத்திவிட்டேன்.

ஏப்ரல் 1

கிடைத்துவிட்டது.

வேளாண் கள அலுவலர். நானூறு முறை பார்த்துவிட்டேன் அந்தத் திரையை. என் பெயர், அப்பாவின் அந்த ஒரே எழுத்து. அம்மா உட்கார்ந்துவிட்டாள். தம்பி சாரைக் கூப்பிட ஓடினான். சார் வந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். மூன்று மாவுக்கு நான் போட்ட கணக்கு. கீழே எட்டு மாவுக்கு அவர் போட்டு வைத்திருந்தார்.

ஏப்ரல் 4

சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "ஆயி, அடங்கல் இல்லாதவனுக்கு வங்கியில் கடன் உண்டா?"

உண்டு என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு பேராவது சேர வேண்டும் என்றேன்.

ஏப்ரல் 6

மேலத் தெருவில் இரண்டு பேர் சம்மதித்திருக்கிறார்கள். அப்பாவோடு மூன்று. இன்னும் ஒருவர்