மலைக்காரர் பேர்

எங்க தர்மபுரிப் பக்கம் தெருவுக்கு ஒரு தீர்த்தகிரி இருப்பான். நானும் ஒருத்தன். எனக்கு முன்னால் இரண்டு பிள்ளை தங்காமல் போய், அம்மா தீர்த்தமலை தீர்த்தகிரீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டு பெற்றவன். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் நின்றதில் அந்தப் பேர் சம்பள ரசீதில் மட்டும்தான் மிச்சம். ஊருக்கே நான் ‘கண்டக்டர்’. வீட்டுக்காரி வாயிலும் பேர் வராது. புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள். அதனால் சாமி பேரையும் சொல்ல வழியில்லை. ‘மலைக்காரர்’ என்பாள், இல்லாவிட்டால் ‘வடிவாம்பிகை கோயில்’ என்று அம்பாளை வைத்துச் சமாளிப்பாள்.

ரிட்டையர் ஆன மறுநாளும் மூன்றரை மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. சட்டைப்பையில் விசிலைத் தேடுகிறேன். பை இல்லாமலே தோள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. டீக்கடையில் “அப்புறம் கண்டக்டர், இனிமே என்ன?” என்று கேட்டால் பதில் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து போகிற வண்டிகளை எண்ணினேன். இரண்டு மாதம் அதுதான் வேலை.

ஒருநாள் அவள் மஞ்சள் துணியில் முடிந்த காசைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். 2011-ல் தொப்பூர் இறக்கத்தில் பின்னால் வந்த லாரி இடித்து எங்கள் வண்டி தடுப்புச் சுவரில் சாய்ந்தது. படியில் நின்றிருந்த எனக்கு நெற்றியில் ஆறு தையலோடு போனது. அன்றைக்கு முடிந்த காசாம். “முழு சர்வீஸ் முடிச்சு நல்லபடியா இறங்கட்டும், கூட்டிட்டு வந்து மொட்டை போடுறேன்னு வேண்டிக்கிட்டேன்.” இத்தனை வருஷம் மூச்சு விடவில்லை பாருங்கள்.

கார்த்திகை ஞாயிறு கிளம்பினோம். முதலில் அனுமந்தீர்த்தம், தென்பெண்ணையில் முழுக்கு. காசித் தீர்த்தம் கொண்டுவர அனுமார் தாமதித்து, ராமர் அம்பு விட்டே மலையில் தண்ணீர் வரவழைத்துவிட, கோபத்தில் அனுமார் வீசிய கலசம் விழுந்த இடம். பிறகுதான் மலை. அரூரிலிருந்து இந்த ரூட்டில் நான் எத்தனை பேருக்கு டிக்கெட் கிழித்திருப்பேன்! “தீர்த்தமலை இறங்கு” என்று கத்திக் கத்தி எல்லாரையும் இறக்கிவிட்டேன். முதல் மொட்டைக்கு அப்புறம் நான் இறங்கியதே இல்லை.

அடிவாரத்தில் தேங்காய்த் தட்டைக் கையில் திணித்து, “மேல எதுவும் கிடைக்காது சாமி” என்று மூன்று மடங்கு விலை வாங்கினார்கள். மேலே தாராளமாகக் கிடைத்தது. மொட்டைக்கு ஒரு காசு, கேட்காமலே கையை நீட்டுகிறவர்களுக்கு ஒரு காசு. ஒரு ரூபாய் சில்லறைக்காக முப்பத்திரண்டு வருஷம் வசவு வாங்கினவன் நான். வயிறு எரிந்தது. போகட்டும்.

முழங்கால் இரண்டும் பாதிப் படியிலேயே மறுத்துவிட்டன. குரங்கு வேறு பூவைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அருணகிரிநாதர் பாடிய மலை என்று தெம்பு சொல்லிக்கொண்டு ஏறினோம்.

ராம தீர்த்தத்தில் மாலை போட்ட சாமிகளும் குழந்தைகளும் கிழவிகளும் ஒன்றாக நெருக்கித் தள்ளினார்கள். ஒரு பாட்டி வழுக்கப் பார்த்தாள். என்னை அறியாமல் குரல் வந்துவிட்டது: “நனைஞ்சவங்க நகரு! உள்ள தள்ளி நில்லு! வயசானவங்களுக்கு வழி விடு!” கூட்டம் அப்படியே இரண்டாகப் பிரிந்தது. பாட்டியைக் கைப்பிடித்து நிறுத்திவிட்டு நானும் நின்றேன். கோடையிலும் வற்றாத தண்ணீர், பாறை உச்சியிலிருந்து சிரைத்த மண்டையில் விழுகிறது. ஊசி ஊசியாய்க் குளிர். நெற்றித் தழும்பு வழியாக இறங்கி வாய்க்குள் போனது.

சந்நிதியில் இன்னும் நெரிசல். குருக்கள் தட்டை வாங்கி, “யார் பேருக்கு?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து, “தீர்த்தகிரி. விசாகம். துலா ராசி” என்று ஒரு குரல்.

அவள்தான். திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தீபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்ட கை அப்படியே நின்றிருந்தது. குருக்கள் சிரித்து, “சுவாமி பேரேதானா?” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். தீபாராதனையில் அவரைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா, ஒன்றும் பிரியவில்லை. என் பேர் அங்கே கருவறைக்குள் கேட்டது. அப்பனே, தீர்த்தகிரீஸ்வரா, எத்தனை வருஷமாக வாசலில் ஆளை இறக்கிவிட்டுவிட்டு, உன் பேரையும் சுமந்துகொண்டு, விசில் ஊதிப் போய்க்கொண்டே இருந்தேன்! தொப்பூரில் என்னைப் பிடித்த கை உன்னுடையது. அம்மாவுக்கு என்னைக் கொடுத்ததும் நீ. பிரகாரத்தில் அழுதுகொண்டே வந்தேன், மொட்டைத் தலையைத் துவட்டுகிற சாக்கில்.

இறங்கும்போது மறுபடி, “ஏங்க, பாத்து.” அவ்வளவுதான், பேர் மேலேயே நின்றுவிட்டது. நானும் கேட்கவில்லை.

இப்போது பௌர்ணமிக்குப் பௌர்ணமி போகிறேன். ராம தீர்த்தத்தில் வயசானவர்களைக் கைப்பிடித்து நிறுத்தி, வரிசை விடுவது என் வேலை. யாரும் கொடுத்ததில்லை, நானே எடுத்துக்கொண்டது. போன பௌர்ணமி குருக்கள் மேலிருந்து, “தீர்த்தகிரி, இந்தப் பக்கம் கொஞ்சம் பாருங்கோ!” என்று கூப்பிட்டார். கூட்டத்தில் நாலு பேர் திரும்பினோம்.