"சொல்ல மாட்டேன்டா" என்று சொல்லிவிட்டேன்

"யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்று அவன் கேட்டான். "சொல்ல மாட்டேன்டா" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. எங்கள் குழந்தைகள் இல்லத்து 9 வயதுப் பையன், ஒரு வாரமாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து வார்டன் அறை வாசலில் டியூப் லைட்டுக்கு நேர் கீழே படுக்கிறவன், கடைசியில் வாயைத் திறக்கிறான். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்லியிருப்பேன்?

அவன் சொன்னது நாலு வாக்கியம். அதை இங்கே எழுதப்போவதில்லை. அவன் பேர் சொன்ன பையனுக்கு 14 வயது.

சூப்பரின்டென்டென்ட் சார் கெட்டவர் இல்லை, இதை நான் எங்கேயும் சொல்வேன். "ரெண்டு பேருமே குழந்தைங்கம்மா. பெரியவனை வேற ஹாலுக்கு மாத்திடலாம். போலீஸுன்னு போனா அவன் வாழ்க்கை என்ன ஆகும்?" என்று கேட்டார். அவனை 6 வயதிலிருந்து பார்த்தவர். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு, நடந்தது தெரிந்தால் மட்டும் இல்லை, நடக்கலாம் என்ற அச்சம் இருந்தாலே போலீஸுக்குச் சொல்லச் சொல்கிறது, செய்தது சிறுவன் என்பதற்காக விலக்கு கிடையாது, அவனை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம்தான், ஜெயில் இல்லை சார் என்றேன். மறைத்தால் நமக்கு 6 மாதம் வரை சிறை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. எனக்காகப் பயந்த மாதிரி ஆகிவிட்டது.

ஆனாலும் அன்று ராத்திரி நான் போன் செய்யவில்லை. சின்னவனை ஆயாம்மா அறையில் படுக்கவைத்தேன், மறுநாள் காலைதான் ஸ்டேஷனுக்குச் சொன்னேன். போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்கும் நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க 24 மணி நேரம் என்று சட்டத்தில் இருக்கிறது, நமக்கு அப்படி மணிக்கணக்கு எதுவும் இல்லை, அதனால் ஒரு ராத்திரி ஒன்றும் பெரிய தாமதம் இல்லைதான். அதே ஹாலில் இன்னும் 20 பையன்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது விடியற்காலை நாலு மணிக்குத்தான் உறைத்தது.

வந்த பெண் எஸ்.ஐ. சுடிதாரில்தான் வந்தார், யூனிஃபார்மில் வரக்கூடாது. மெதுவாகத்தான் பேசினார். அப்படியும் அவன் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். கையிலிருந்த தம்ளரின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டான்.

பெரியவன் பிறகு சொன்னான், நடுவில் இரண்டு வருடம் வெளியூர் இல்லம் ஒன்றில் இருந்தபோது அவனுக்கும் இது நடந்ததாம். "அப்போ என்னை வேற ரூமுக்கு மாத்தினாங்க, அவ்ளோதான் அக்கா." அதற்கும் தனியாகப் புகார் கொடுத்தோம். அன்று அங்கே யாராவது ஒரு போன் செய்திருந்தால் இந்தச் சின்னவன் தப்பித்திருப்பானோ என்னவோ. அதை நினைக்கும்போது நான் செய்தது சரி என்று உறுதியாகத் தெரிகிறது. ஆனால் சின்னவன் ஒரு மாதம் என்னிடம் "சாப்ட்டேன்" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. அதை நினைத்தால் அந்த உறுதி போய்விடுகிறது.

இப்போதெல்லாம் எந்தப் பிள்ளை "ஒண்ணு சொல்லணும்" என்று வந்தாலும், "சொல்லு, ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா நான் பெரியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுதான் நேர்மை என்று நம்புகிறேன். போன வாரம் ஒரு பையன் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். "அப்புறம் சொல்றேன்க்கா" என்று போய்விட்டான். தினமும் அவன் எங்கே பாய் போடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.