எந்த மேசையில் இருப்பது

போன மாதம் மகளோடு சேர்ந்து 'மீன் கேர்ள்ஸ்' (Mean Girls) என்ற ஹொலிவூட் படத்தைத் திரும்பப் பார்த்தேன். வருகிற செப்டெம்பரில் அவளுக்கு ஒன்பதாம் வகுப்பு, ஹைஸ்கூல். படத்தில் பாதி வசனம் அவளுக்கு முன்னமே பாடம். புதன்கிழமை என்றால் பிங்க் உடுப்பு, ஒக்டோபர் 3 என்றால் அந்தப் படத்தின் நாள் என்று அவளுடைய சிநேகிதிகள் எல்லாருக்கும் தெரியும், இத்தனைக்கும் அவர்கள் பிறக்க முதலே, 2004இல், வந்த படம் அது. விழுந்து விழுந்து சிரித்தவள் நான் சிரிக்காததைக் கவனித்துவிட்டு, "அம்மா, உங்களுக்குப் பிடிக்கேல்லையா?" என்று கேட்டாள். பிடிக்கும். மிகவும் பிடித்த படங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதை முதல் தரம் பார்த்தபோது நான் கனடாவுக்கு வந்து பதினைந்து மாதம்தான் ஆகியிருந்தது, அந்தப் பதினைந்து மாதத்தைச் சொல்லாமல் இதை விளங்கப்படுத்த முடியாது. அவளுக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நானும் அம்மாவும் தம்பியும் வந்து இறங்கியது 2003 ஆகஸ்ட் கடைசியில். அப்பா ஏழு வருடம் முந்தியே வந்துவிட்டார். அந்த மாதம் 14ஆம் திகதி ஒன்ராறியோ மாகாணத்தின் பெரும்பகுதியில் கரண்ட் போய், அமெரிக்காவின் வடகிழக்குப் பக்கமும் இருண்டு கிடந்ததாம். விமான நிலையத்திலிருந்து ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவுக்குப் போகும் வழியெல்லாம் அப்பா அதைத்தான் பெரிய கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்த பிள்ளை நான்.

ஊரில் பெண்கள் பாடசாலை. வெள்ளை யூனிபோம், ரை, இரட்டைப் பின்னல். வகுப்பில் யார் எங்கே இருப்பது என்பதை ரீச்சர் சொல்லிவிடுவார், இடைவேளைக்கும் அதே வாங்கில் பக்கத்துப் பிள்ளையோடு பெட்டியைத் திறந்து சாப்பிடுவோம். இங்கே கிரேட் 10இல் சேர்த்தார்கள். அரை வருடத்துக்கு நாலு பாடம், ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணித்தியாலம், பாடம் மாற அறையும் மாறும், அறை மாறப் பிள்ளைகளும் மாறுவார்கள். முதல் கிழமை என்னைப் படுத்தியது ஆங்கிலம்கூட இல்லை, லொக்கர் பூட்டு. வலப்பக்கம் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி முதல் எண்ணில் நிறுத்தவேண்டும், பிறகு இடப்பக்கம் ஒரு முழுச் சுற்று அந்த எண்ணைத் தாண்டிப் போய் இரண்டாவது எண், பிறகு வலப்பக்கம் நேரே மூன்றாவது. கொஞ்சம் தள்ளிப் போனாலும் திறக்காது. பின்னால் ஆட்கள் போய்க்கொண்டிருக்க, விரல் வியர்த்து வழுக்க, மூன்று தரம் முயன்று பார்த்துவிட்டு ஜக்கெற்றையும் புத்தகங்களையும் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

பூட்டு ஒரு கிழமையில் பழகிவிட்டது. சாப்பாட்டு நேரம் பழகவில்லை. கஃபெற்றீரியா வாசலில் கையில் பெட்டியோடு நின்றால் முப்பது நாற்பது மேசை, எல்லாம் நிறைந்திருக்கிற மாதிரியும் இருக்கும், எல்லாவற்றிலும் ஒரு இடம் காலியாக இருக்கிற மாதிரியும் இருக்கும். எங்கே போய் இருப்பது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பிழையான இடத்தில் இருந்தால் உடனே தெரிந்துவிடும், பேச்சு நின்றுவிடும், ஒரு பை மெல்ல நகர்ந்து வந்து பக்கத்துக் கதிரையில் ஏறிக்கொள்ளும். இரண்டாம் நாள் நான் ஜிம்முக்குப் பின்னால் இருக்கிற படிக்கட்டைக் கண்டுபிடித்தேன். கிறிஸ்மஸ் விடுமுறை வரைக்கும் அங்கேதான் சாப்பிட்டேன். மேலிருந்து யாராவது இறங்கி வரும் சத்தம் கேட்டால் புட்டுப் பெட்டியை மூடிவிட்டு, கொப்பியை விரித்துப் படிக்கிறமாதிரி இருப்பேன்.

இதைத்தான் அந்தப் படத்தில் பார்த்தேன். கதை தெரியாதவர்களுக்கு: கேடி என்று ஒரு பெண், பெற்றோர் விலங்கியல் ஆராய்ச்சிக்காரர், ஆபிரிக்காவில் வீட்டிலேயே படித்து வளர்ந்தவள், பதினாறு வயதில் முதல் தடவையாக ஒரு அமெரிக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். முதல் நாள் மதியம் சாப்பாட்டுத் தட்டோடு நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறாள். சில செக்கன்தான் வரும் காட்சி. மாமா வீட்டு பேஸ்மென்ரில் என்னைச் சுற்றியிருந்த மச்சாள்மார் எல்லாரும் அதற்குச் சிரித்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆங்கிலம் வராததால்தான் எனக்கு இருக்க இடமில்லை என்று ஒரு வருடம் முழுக்க நம்பியிருந்தேன். இவளுக்கு ஆங்கிலம்தான் தாய்மொழி. வெள்ளைக்காரப் பிள்ளை.

அப்புறம் ஜனிஸ் என்பவள் கேடிக்குக் கஃபெற்றீரியாவின் வரைபடம் ஒன்று கீறிக் கொடுப்பாள், எந்த மேசையில் எந்தக் கூட்டம் என்று. விளையாட்டுக்காரர் ஒரு மேசை, பாண்ட் வாசிக்கிறவர்கள் ஒரு மேசை, சாப்பிடவே சாப்பிடாத பெண்கள் ஒரு மேசை, நடுவில் 'பிளாஸ்ரிக்ஸ்' என்ற மூன்று பேர். அந்தப் படத்தில் எனக்குக் குறையாகப் படுவதும் இதே வரைபடம்தான். ஆசியப் பிள்ளைகளுக்கு அதில் இரண்டே பெயர், கெட்டிக்காரர் ஒன்று, ஸ்ரைல்காரர் ஒன்று, அதற்குமேல் அவர்களுக்குள் என்ன நடக்கிறது என்று படம் பெரிதாக எட்டிப் பார்க்கவில்லை. கறுப்பினப் பெண்களுக்கும் அதே கதிதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் மேசை என்று ஒன்று இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கூட்டம். உள்ளே போனால்தான் தெரியும் அதற்குள் எத்தனை கோடுகள் என்று.

கதை சிகாகோவுக்குப் பக்கத்தில் எவன்ஸ்ரனில் நடந்தாலும் படத்தின் பெரும்பகுதியை ரொறொன்ரோவில்தான் எடுத்தார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரியும். எற்றோபிக்கோ கொலிஜியற், மோல்வேர்ன் கொலிஜியற் என்ற இரண்டு பள்ளிக்கூடங்கள். மோல்வேர்ன் என்றதும் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஸ்காபரோ மோல்வேர்ன், எங்கட இடம் என்று நினைத்துவிடுவார்கள், நானும் நினைத்தேன். அது இல்லை, அந்தப் பள்ளிக்கூடம் இருப்பது ஏரிப் பக்கம், பீச்சஸுக்குக் கிட்ட. கேடி நீரூற்றைச் சுற்றி நிற்கிற பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க வந்த மிருகங்களாகக் கற்பனை பண்ணுகிற மோல், நகரத்தின் மேற்குக் கோடியில் இருக்கிற ஷேர்வே கார்டன்ஸ். கெனடி ஸ்ரேஷனில் சப்வே ஏறி மறுகோடி கிப்ளிங்கில் இறங்கி அதற்குப் பிறகும் பஸ் எடுக்கவேண்டும். அந்தக் காலத்தில் எங்களுக்கு உலகம் ஸ்காபரோ ரவுன் சென்ரர் மோலோடு முடிந்துவிடும்.

கணக்குப் போட்டிக் குழுவின் தலைவன் கெவினாக நடித்த ராஜீவ் சுரேந்திரா எங்கள் ஆள், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு ரொறொன்ரோவில் பிறந்தவர். திரையில் அவருக்குக் கொடுத்த குடும்பப் பெயர் எந்த ஊர்ப் பெயர் என்று எங்களுக்குப் பிடிபடவேயில்லை, ஆனாலும் அவர் மேடையில் ராப் பாடுகிற இடத்தில் பெரிய மச்சாள் படத்தை நிறுத்தித் திரும்பப் போட்டாள். ஹொலிவூட் படத்தில் ஒரு தமிழ்ப் பெடியனைப் பார்ப்பது எங்களுக்கு அதுதான் முதல் தரம்.

கணக்குதான் என்னையும் மேசைக்குக் கொண்டுபோனது. கிரேட் 10 கணக்கில் வந்த இருபடிச் சமன்பாடெல்லாம் ஊரிலேயே செய்து முடித்தது. ஜனவரியில் என் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தி வீட்டுப்பாடம் பார்த்து எழுதக் கேட்டாள், கொடுத்தேன், அன்று மதியம் "எங்களோட வந்து இரு" என்றாள். கேடி ஒரு பெடியனுக்காகக் கணக்குத் தெரியாதவள்போல நடித்து வேண்டுமென்றே பரீட்சையில் கோட்டை விடுவாள். எனக்கு மறுவளம், கணக்குத் தெரிந்ததால்தான் கதிரை கிடைத்தது.

அந்த மேசையின் நடுவில் இருந்தவள் இங்கேயே பிறந்தவள். படத்தில் பிளாஸ்ரிக்ஸின் தலைவி ரெஜினாவின் கூட்டத்துக்கு விதிகள் உண்டு, கையில்லாத மேற்சட்டையை அடுத்தடுத்த நாள் போடக்கூடாது, குதிரைவால் கொண்டை கிழமைக்கு ஒருநாள்தான், மீறினால் அன்றைக்கு மேசையில் இடமில்லை. எங்கள் மேசைக்கும் இருந்தன. தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது. மீன் குழம்பு, சம்பல் மணக்கிற பெட்டி கொண்டுவரக்கூடாது. ஆங்கிலத்தில்தான் கதைக்கவேண்டும், தமிழ் என்றால் பகிடிக்கு மட்டும். புதிதாக வந்தவர்களை 'ஃப்ரெஷி' என்பார்கள். நான் அம்மா விடிய எழும்பிக் கட்டித் தந்த புட்டைப் பள்ளிக்கூட வாசல் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, அப்பாவிடம் வாங்கின காசில் ஃப்ரைஸ் வாங்கிச் சாப்பிட்டேன். அப்பா இரவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம் அது. இதை எழுத இப்போதும் கை நிற்கிறது.

2004 செப்டெம்பரில் மட்டக்களப்புப் பக்கமிருந்து ஒரு பிள்ளை வந்து சேர்ந்தாள். லொக்கர் என்னுடையதற்கு இரண்டு தள்ளி. முதல் நாள் அவளுக்குப் பூட்டுத் திறக்கவில்லை, நான்தான் காட்டிக் கொடுத்தேன், வலம், இடம், வலம் என்று. என்னைப் பிடித்துக்கொண்டாள். 'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்பாள், கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் மேசைக்கு அது போதும். இரண்டு நாளில் அவளுடைய பெயரே மறுகா ஆகிவிட்டது. கண் எதிரே இருந்தும் நான் வாய் திறக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு நடுவில் இருக்கிறவள் எனக்குப் போன் எடுத்தாள். ஃப்ளாஷ் பொத்தானை அமத்தி அந்தப் பிள்ளையையும் அழை, நான் லைனில் இருப்பேன், சத்தம் போடமாட்டேன், என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கேள் என்றாள். கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அவவக் கண்டா எனக்குப் பயம். நீ நல்லவ, அதால உனக்குச் சொல்றன், அவ தன்ர ஆக்களப் பாத்தே வெக்கப்படுறா" என்றாள். கிளிக் என்று ஒரு சத்தம் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை அவள் கஃபெற்றீரியாவுக்கு வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. எங்கே சாப்பிடுகிறாள் என்று மேசையில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

இது நடந்து சில கிழமையில்தான் மச்சாள் அந்த டிவிடியைக் கொண்டுவந்தாள். கழிவறைக் காட்சியில் தொண்டை அடைத்தது என்றேன். அது என் பக்கத்துக் கதை. ஆனால் பிறகு ரெஜினா கேடிக்குப் போன் எடுத்து, தன் கூட்டத்துக் கிரெச்சனைப் பற்றிக் கதை விட்டு மெல்ல வாயைக் கிண்டுவாள், கிரெச்சன் மறுமுனையில் மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். மச்சாள்மார் அதற்கும் சிரித்தார்கள். நான் மேலே தண்ணி குடிக்கப் போகிறேன் என்று எழும்பிப் போய்க் குசினியில் லைற் போடாமல் நின்றேன்.

ரோசலிண்ட் வைஸ்மன் என்பவர் 2002இல் பெற்றோருக்காக எழுதிய புத்தகத்திலிருந்துதான் டினா ஃபே இந்தப் படத்தை எழுதினார் என்று பிற்காலத்தில் அறிந்தேன். அது கதைப் புத்தகமே இல்லை, வைஸ்மன் பெண் பிள்ளைகளோடு பழகி அறிந்தவற்றை எழுதியது. படம் எனக்கு அத்தனை கிட்டத்தில் வந்து நின்றதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். முடிவுக்குக் கிட்ட வருகிற ஒரு இடம் மட்டும் மனதுக்கு ஒட்டவில்லை. ஜிம்மில் அந்த வகுப்புப் பெண்கள் எல்லாரையும் கூட்டி வைத்து, ஒவ்வொருத்தியாக மேலே ஏறி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பின்பக்கமாக மற்றவர்கள் கையில் சாய்ந்து விழுவார்கள், ஒரு பின்னேரத்தில் பாதிப் பாவம் கழுவுப்பட்டுவிடும். எங்களுக்கு அப்படி ஒரு கூட்டமும் நடக்கவில்லை, நடந்திருந்தாலும் நான் ஏறியிருப்பேனோ தெரியாது.

படம் பார்த்த சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள் அம்மாவிடம் புட்டும் சம்பலும் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். மணி அடித்ததும் கஃபெற்றீரியாவைத் தாண்டி ஜிம்முக்குப் பின்னால் நடந்தேன். சத்தம் கேட்டுப் பெட்டியை மூடிக் கொப்பியை விரித்துவிட்டாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்வது சுகமாக இருந்திருக்கும், தமிழில் வாயில் வரவில்லை. இரண்டு படி கீழே இருந்து என் பெட்டியைத் திறந்து சாப்பிட்டேன். செவ்வாயும் அப்படித்தான். புதனும். வியாழன் அவள் வரவில்லை, நான் மட்டும் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பாதிச் சாப்பாட்டில் மேல் படியிலிருந்து கணக்குக் கொப்பி ஒன்று என் தோளுக்குப் பக்கத்தில் நீண்டது. "இந்த ஆறாவது எனக்கு வருகுதில்ல" என்றாள். கையில் சம்பல். துடைத்துவிட்டு வாங்கினேன்.