செஞ்சிக்கோட்டை: ஒரு ஞாயிறு, ஆயிரம் ரூபாய், இரண்டு வால்கள்

முதலில் அந்த ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டைக்கு இரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். முந்நூறு ரூபாய் கேட்டார். "பசங்க வெயில்ல நடப்பாங்களா சார், யோசிச்சுப் பாருங்க" என்று அறிவுரை வேறு. சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து செஞ்சி வரைக்கும் மூன்று பேருக்குமான பஸ் டிக்கெட்டே இருநூறைத்தான் ஒட்டி வந்தது. நடந்தோம். சின்னவன் வழியெல்லாம் ஓணான் துரத்திக்கொண்டு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான்.

எனக்கு ஷிப்ட் வேலை. நான் கிளம்பும்போது பிள்ளைகள் தூங்குவார்கள், திரும்பும்போதும் தூங்குவார்கள். கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையை மாலில் கொண்டுபோய்க் கொட்டிப் பார்த்தாயிற்று. கேம் கார்டில் போட்ட ஐந்நூறு ரூபாய் அரை மணி நேரம் தாங்காது. அவர்கள் விளையாட, நான் கம்பிக்கு வெளியே நின்று போனை நோண்ட, அதற்குப் பெயர் அப்பாவோடு வெளியே போய் வந்தது. இந்த முறை கண்டிஷன் போட்டுக்கொண்டேன்: காலையில் கிளம்பி ராத்திரி வீடு, மூன்று பேருக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய், காசு போட்டு விளையாடுகிற எதுவும் கிடையாது. கணக்கு எழுதும் பொறுப்பு ஐந்தாம் வகுப்பு படிக்கும் பெரியவளுக்கு. வீட்டம்மாவுக்கு அன்று முழு ஓய்வு. அது தனி லாபம்.

அரசு பஸ்ஸில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை, பன்னிரண்டு வரை அரை டிக்கெட். என் இரண்டும் அரை டிக்கெட். திண்டிவனம் வரை நெடுஞ்சாலை, எழுத ஒன்றுமில்லை. அங்கிருந்து மேற்கே திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள் ஆரம்பிக்கின்றன, யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது போல. எது கோட்டை என்று இரண்டு பேரும் பந்தயம் கட்டி, எல்லாக் குன்றையும் கோட்டை என்றார்கள்.

நுழைவுக் கட்டணம் எனக்கு 25 ரூபாய், பதினைந்து வயதுக்குக் கீழே இலவசம். எழுபத்தைந்து ரூபாய் எடுத்து வைத்திருந்தேன். ஐம்பது மிச்சம் என்று நோட்டில் எழுதும்போது பெரியவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள், மூன்றையும் வளைத்து ஒரே மதில். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அதில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். மற்ற பதினொன்றும் மகாராஷ்டிராவில். கீழே பல அடுக்குக் கல்யாண மகால், குதிரை லாயம், நெற்களஞ்சியம். களஞ்சியத்துக்குள் கத்தினால் குரல் திரும்பி வரும். அதைக் கண்டுபிடித்த பிறகு அரை மணி நேரம் அங்கிருந்து இருவரையும் கிளப்ப முடியவில்லை. நானும் கத்தினேன்.

ராஜகிரிதான் பெரியது, ஏறக்குறைய 800 அடி. படிகள் ஒரே அளவாக இருக்காது. சில இடத்தில் சின்னவனுக்குத் தொடை உயரம், தூக்கித்தான் விட வேண்டும். படி எண்ணிக்கொண்டு வந்த பெரியவள் நானூறுக்கு மேல் கணக்கை விட்டுவிட்டாள். நிழல் கிடைத்த இடத்திலெல்லாம் உட்கார்ந்தோம், உட்கார்ந்த இடத்திலெல்லாம் கதை. 1677இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார், அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியபோது முகலாயப் படை ஏறக்குறைய எட்டு வருடம் முற்றுகை போட்டு 1698இல்தான் பிடித்தது என்றேன். சின்னவன் யோசித்துவிட்டுக் கேட்டான்: "எட்டு வருஷமும் லீவே கிடையாதாப்பா அவங்களுக்கு?" ராணுவத்தில் அப்படித்தான்டா என்றேன். "அப்போ அவங்க பசங்க?" என்றான். நான் தண்ணீர் பாட்டிலைத் தேட ஆரம்பித்தேன். அடுத்த கேள்வி, ராஜா எங்கே கக்கூஸ் போவார் என்பது. நல்லவேளை.

தேசிங்கு ராஜா கதை பெரியவளுக்குப் பிடித்துவிட்டது. ஆற்காட்டு நவாப்பின் பெரிய படையோடு 1714இல் சின்ன வயதிலேயே மோதிச் செத்தவர். தோற்பது தெரிந்தும் ஏன் போனார் என்று கீழே இறங்கும்வரை சண்டை போட்டாள். வரி பாக்கி, மானம் என்றெல்லாம் நான் சொன்னது அவளுக்குப் போதவில்லை. வரியைக் கட்டிவிட்டு உயிரோடு இருந்திருக்கலாம் என்பது அவள் கட்சி.

உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து நிற்கிறது. அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். சின்னவன் நடுவில் நின்று குனிந்து பார்க்க, எனக்கு அடிவயிறு கலங்கியது. கையை விடவே விடாதீர்கள். மேலே கோயில், பீரங்கி, காற்று. அந்தக் காற்றுக்கே முந்நூறு கொடுக்கலாம், ஆட்டோக்காரருக்குக் கொடுக்க மாட்டேன். போட்டோ எடுக்க என் போனைப் பிடுங்கிக்கொண்டவள், "ஆபீஸ்ல இருந்து கால் வந்து வந்து போட்டோ கெடுதுப்பா" என்று ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை.

குரங்குகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பிளாஸ்டிக் கவர் சலசலத்தாலே வந்துவிடும். எங்களுக்கு முன்னால் போன ஒரு குடும்பத்தின் மாம்பழ ஜூஸ் பாட்டிலை ஒன்று பிடுங்கி, மூடியைத் திருகி, அவர்கள் எதிரிலேயே குடித்தது. தின்பண்டம் எல்லாம் ஜிப் வைத்த பைக்குள் இருக்கட்டும். மேலே கடை கிடையாது, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். ராஜகிரிக்குப் பிற்பகலில் ஏற விடமாட்டார்கள், காலையிலேயே ஏறிவிடுங்கள்.

இறங்கியதும் பசி கண்ணைக் கட்டியது. ஊருக்குள் ஒரு சின்ன மெஸ், வாழையிலைச் சாப்பாடு நூறு ரூபாய், இரண்டு வாங்கி மூன்று பேர் சாப்பிட்டோம். கத்திரிக்காய் காரக்குழம்பு, மேலே நல்லெண்ணெய் மிதக்க. வீட்டில் கத்திரிக்காயைக் கண்டாலே தட்டை நகர்த்துகிற சின்னவன் மறுபடி குழம்பு கேட்டான். பரிமாறிய அக்கா, "மலை ஏறுன புள்ளைக்கு நல்லா ஊத்துங்க" என்று உள்ளே குரல் கொடுத்து, அவனுக்குத் தனியாக ஓர் அப்பளமும் வைத்தார். அப்பளத்துக்குக் காசு வாங்கவில்லை. இந்த ஊரைப் பற்றி எதை எழுதினாலும் அந்தச் சாப்பாட்டைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை (வேர்க்கடலைதான்), பொட்டலம் இருபது ரூபாய், இரண்டு வாங்கினோம்.

திரும்புவதுதான் கொடுமை. ஞாயிறு சாயங்காலம் திருவண்ணாமலையிலிருந்து வருகிற பஸ் எல்லாம் நிரம்பியே வருகின்றன. இரண்டு பஸ்ஸை விட்டு மூன்றாவதில் தொற்றி, திண்டிவனம் வரை நின்றுகொண்டே வந்தோம். ஒரு பாட்டி சின்னவனை "இங்க வா கண்ணு" என்று மடியில் இழுத்துக்கொள்ள, அவரிடம் மொத்தக் கோட்டைக் கதையையும் சொன்னான், பாதி தப்பும் தவறுமாக. சிவாஜி எட்டு வருடம் லீவு போட்டதாகக்கூடச் சொன்னான். இந்த நெரிசலைத் தவிர்க்க ஒரே வழி, மூன்று மணிக்கெல்லாம் செஞ்சியை விட்டுக் கிளம்புவது. பௌர்ணமி வருகிற ஞாயிறாக இருந்தால் போகவே போகாதீர்கள். கிரிவலக் கூட்டத்தில் பிள்ளைகளோடு ஏற முடியாது.

மொத்தச் செலவு 935 ரூபாய், பெரியவள் நோட்டில் பைசா சுத்தமாக இருக்கிறது. மீதி 65ஐ அடுத்த பயணத்துக்கென்று அவளே எடுத்து வைத்துக்கொண்டாள், திருப்பிக் கேட்டால் தர மாட்டேன் என்கிறாள்.