நாள் கணக்கை விட்டுச் சூட்டுக் கணக்குப் பார்த்த வருஷம்: குளிர்ப் பகுதித் தோட்டக் குறிப்பு

குளிர்ப் பகுதியில் தோட்டம் போடுகிறவர்கள் தக்காளி விதை வாங்கும்போது முதலில் பார்ப்பது பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் கணக்கைத்தான். 55 நாள் என்று இருந்தால் சந்தோஷம், 85 என்றால் திரும்ப வைத்துவிடுவோம். அந்த 55 நாள் விதை போட்டதிலிருந்து இல்லை, நாற்றை நிலத்தில் நட்டதிலிருந்து. அது பலருக்குத் தெரியும். ஆனால் அத்தனை நாளும் நல்ல சூடான நாளாக இருக்கும் என்று நினைத்துப் போட்ட கணக்கு அது என்பதை யாரும் யோசிப்பதில்லை. தக்காளி 10 டிகிரிக்குக் கீழே பேருக்குத்தான் வளரும். பகல் 26, இரவு 14 என்றால் சராசரி 20, அதில் 10 கழித்தால் செடிக்கு அன்றைக்கு 10 அலகு சூடு கிடைக்கிறது. பகல் 20, இரவு 6 என்றால் சராசரி 13, கையில் நிற்பது வெறும் 3. அப்படிப்பட்ட நாள் மூன்று சேர்ந்தாலும் அந்த ஒரு நாளுக்கு ஈடாகாது. அதனால் இந்த வருஷம் காலண்டரைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு மண் வெப்பமானியை 10 செ.மீ. ஆழத்தில் குத்தி, தினமும் காலையில் அதைப் பார்த்துத்தான் எல்லா வேலையும் செய்தேன்.

வீட்டுக்குள் நாற்று விடுவதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தக்காளி, கடைசி உறைபனிக்கு ஆறு வாரம் முன்னால். குடைமிளகாய்க்கு எட்டு முதல் பத்து வாரம் வேண்டும், அதோடு விதைக்கு அடியில் 25 டிகிரிக்குக் குறையாத சூடும் வேண்டும், இல்லையென்றால் முளைக்கவே யோசிக்கும். விளக்கை நாற்றுக்கு மேல் ஒரு சாண்கூட இடைவெளி இல்லாமல் தாழ்த்தி வைத்து, தண்ணீரைத் தட்டின் அடியில் ஊற்றி, ஒரு சின்ன மின்விசிறியை மெதுவாக ஓட விட்டேன். நாற்றழுகல் எட்டிப் பார்க்கவில்லை, தண்டும் தடிமனாக வந்தது.

வெளியே மண் 5 டிகிரியைத் தொட்டதும் பட்டாணி, பசலை (கொடிப்பசலை இல்லை, ஸ்பினாச்), முள்ளங்கி மூன்றையும் போட்டுவிட்டேன், அப்போது இரவில் உறைபனி விழுந்துகொண்டுதான் இருந்தது, அதுகள் அதைச் சட்டை செய்வதில்லை. பீன்ஸ் விஷயம் வேறு. அதன் விதை குளிர்ந்த ஈர மண்ணில் தண்ணீரை உறிஞ்சிவிட்டு முளைக்காமல் அழுகும். ஒரு வரிசையை மண் 10 டிகிரியில் இருந்தபோதும், இன்னொன்றை 15 தாண்டிய பிறகும் வேண்டுமென்றே போட்டுப் பார்த்தேன். பிந்திப் போட்டது முந்திக்கொண்டது; முன்னால் போட்ட வரிசையில் முளைத்ததைவிட இடைவெளிதான் அதிகம்.

தக்காளியில் இந்த முறை செக் நாட்டு ரகமான ஸ்டூபிசேவை வைத்தேன். சின்னப் பழம்தான், ஆனால் குளிரில் முரண்டு பிடிக்காது. நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாற்றை வெளியே வைத்துப் பழக்கினேன், முதலில் நிழலில் கொஞ்ச நேரம், அப்புறம் வெயில், கடைசியில் இரவும் வெளியேதான். மேட்டுப் பாத்தியில் பாதிக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் விரித்தேன், மீதியைச் சும்மா விட்டேன். விரித்த பக்கம் மண் நன்றாகவே சூடேறியிருந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த வித்தியாசம் முதல் பூவில் தெரியவில்லை. காரணம் இரவு. இரவு வெப்பம் 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ காம்போடு உதிர்ந்துவிடும், மண் எவ்வளவு சூடாக இருந்தாலும் சரி. அப்புறம் செடிகளுக்கு நடுவே தண்ணீர் நிரப்பிய கேன்களை வைத்து, மேலே வளைவுக் கம்பி நட்டு, வெள்ளைப் பனித்துணியைச் சாயங்காலமே மூடினேன். சாயங்காலமே என்பதை அழுத்திச் சொல்கிறேன், பகலில் மண் வாங்கிய சூட்டைப் பிடித்து வைக்கத்தான் துணி, இருட்டிய பிறகு மூடினால் பாதிச் சூடு வானத்துக்குப் போயிருக்கும். மேகமும் காற்றும் இல்லாத தெளிந்த இரவுகள்தான் ஆபத்தானவை. மூடிய பிறகு இரண்டாவது கொத்திலிருந்து பிஞ்சு நின்றது, பிளாஸ்டிக் விரித்த பக்கம்தான் முதலில் பழுத்தது.

பூக்களைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு: குளிர்ப் பகுதியில் காய்கறியைவிடப் பூதான் லாபம். பேன்சி, கேலண்டுலா, ஸ்னாப்டிராகன் எல்லாம் குளிரில்தான் நிறம் காட்டும். ஸ்வீட் பீயை ஆழமான குழாய்த் தொட்டியில் விதைத்து, மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினேன், பக்கக் கிளைகள் கிளம்பிப் பந்தல் நிறைந்தது, வெட்ட வெட்டப் பூத்தது, வெட்டாமல் விட்ட பக்கம் காய் பிடித்து அடங்கிவிட்டது. பாப்பியைப் பிடுங்கி நட்டால் வேர் பொறுக்காது, நேராக மண்மேல் தூவிவிட வேண்டியதுதான். காஸ்மாஸ் மட்டும் வெறுப்பேற்றியது. அது பகல் குறுகினால்தான் உற்சாகமாகப் பூக்கும், இங்கே கோடையில் பகலோ நீண்டு கிடக்கிறது, செடி ஆளுயரம் வளர்ந்து இலையாகவே நின்றது. இதே நீண்ட பகல்தான் பசலையையும் கெடுத்தது, 14 மணி நேரம் தாண்டியதும் பூத்தண்டு கிளப்பிவிட்டது. கோடை நடுவில் அதை விதைப்பதில் அர்த்தமே இல்லை.

முதல் கடும் உறைபனியில் டேலியா ஒரே இரவில் கறுத்தது. தண்டை வெட்டி, கிழங்கைத் தோண்டி எடுத்து, காய வைத்து, மரத்தூளில் புதைத்து உறையாத குளிர்ந்த இடத்தில் வைத்தாயிற்று. தக்காளியை அதற்கு முன்பே பறித்துவிட்டேன். பச்சைக் காயில் எது பழுக்கும் என்று பார்க்க ஒன்றை நறுக்கினால் போதும், விதை வழவழப்பான கூழுக்குள் கத்திக்குச் சிக்காமல் நழுவினால் அந்த அளவுக் காயெல்லாம் வீட்டுக்குள் பழுக்கும், விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் பழுக்காது. கேரட்டையும் கேல் கீரையையும் இன்னும் எடுக்கவில்லை, குளிரில் அவை மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும், ருசி இனிமேல்தான்.

குடைமிளகாய் ஒரு செடிக்கு இரண்டு, மூன்று காய்தான் கொடுத்தது. அடுத்த வருஷம் அதற்குப் பாத்தியில் இடம் கிடையாது, கறுப்புத் தொட்டியில் வைத்துத் தெற்குச் சுவரோரம் ஒதுக்கப்போகிறேன். பாத்தியில் அது இருந்த இடத்தில் பூண்டு ஊன்றியாயிற்று. பூண்டுக்குக் குளிர் பட்டால்தான் பல் பிரியும், மண் உறைவதற்குள் வேர் விட்டால் போதும்.