ரீகாவில் என் பெயர் ஒரு கிழங்கு

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். சங்கத்து ஆள். 1986இல் நான் பிறந்ததும் அதிகம் யோசிக்காமல் ஸ்டாலின் என்று பெயர் வைத்துவிட்டார். எங்கள் தெருவில் ஒரு லெனினும் இரண்டு பகத்சிங்கும் ஏற்கெனவே இருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1953 மார்ச் 1 அன்று பிறந்த கலைஞரின் மகனுக்கும் சோவியத் தலைவர் செத்த செய்தி வந்த நாட்களில்தான் இதே பெயர் அமைந்தது. தமிழ்நாட்டில் இது மாமா, சித்தப்பா மாதிரி வீட்டில் புழங்குகிற பெயர்.

வேலை கிடைத்து லாட்வியாவின் தலைநகரான ரீகாவுக்கு வந்த பிறகுதான் அது கனக்க ஆரம்பித்தது. இந்த ஊர் மொழியில் ஆண் பெயர்களின் கடைசியில் பெரும்பாலும் ஒரு 'ஸ்' ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் என் பெயர் அந்த ஆளின் பெயரேதான், எழுத்து மாறாமல். முதல் வாரம் ஓர் அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அம்மாள் என் முகத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிரிக்கவில்லை.

வீடு தௌகவா ஆற்றுக்கு மேற்கே, ஆகென்ஸ்கல்ன்ஸில் கிடைத்தது. பழைய மர வீடு. மாடியில் எனக்கு இரண்டு அறை, கீழே எண்பது தாண்டிய வீட்டுக்காரப் பாட்டி. விறகு அடுப்புதான் வீட்டுக்குச் சூடு. ஈர விறகை வைத்து வீடு முழுக்கப் புகை கிளப்பியது, ஜன்னலைத் திறந்தால் மைனஸ் பதினைந்து உள்ளே வந்தது எல்லாம் முதல் குளிர்காலத்துக் கதைகள். வாடகை பேசிய பேத்தி தனியாகக் கூப்பிட்டு, "பாட்டியிடம் உங்கள் முதல் பெயரைச் சொல்ல வேண்டாம்" என்றாள். சரி, அப்பா பெயர் காளிமுத்து, காளி என்று கூப்பிடச் சொல்லுங்கள் என்றேன். பாட்டி அதிலும் 'ஸ்' போட்டார். போட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். லாட்விய மொழியில் காளிஸ் என்றால் நூக்கல் மாதிரி ஒரு மஞ்சள் கிழங்கு. மத்தியச் சந்தையில் கூடை கூடையாகக் கிடைக்கும். அந்தச் சந்தைக்குப் பக்கத்தில் அடுக்கடுக்காக எழும் அறிவியல் கழகக் கட்டடத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'ஸ்டாலினின் பிறந்தநாள் கேக்'. அந்தப் பெயரிலிருந்து நான் தப்பியதாக நினைத்துக்கொண்டு அதன் நிழலில் கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தேன்.

அம்மா அனுப்பிய பருப்புப் பொடிப் பார்சல்தான் காட்டிக்கொடுத்தது. முகவரியில் முழுப் பெயர், பெரிய எழுத்தில். பாட்டி அதை மேலே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இறங்கிப் போனார். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் பேத்தியோடு வந்து உட்கார்ந்து ஒரே கேள்வி கேட்டார்: "உன் அப்பாவை அவர்கள் எங்கே கொண்டுபோனார்கள்?"

எங்கேயும் இல்லை குந்த்ஸெ, என்றேன். குந்த்ஸெ என்பது இங்கே அம்மணி மாதிரி. அப்பா மாஸ்கோவிலிருந்து தமிழில் வந்த மலிவுவிலைப் புத்தகங்களைப் படித்தவர், அவ்வளவுதான். பாட்டி தலையாட்டினார். அப்புறம் தன் கதையைச் சொன்னார்.

1949 மார்ச் 25. அன்று தொடங்கிய சில நாட்களில் சோவியத் பிடியிலிருந்த லாட்வியாவிலிருந்து மட்டும் 42,000க்கும் அதிகமான பேரைச் சரக்கு ரயில்களில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். பாட்டிக்கு அப்போது ஏழு வயது. ஓம்ஸ்க் பக்கம் ஒரு கூட்டுப்பண்ணை. எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், டோர்ன்யகல்ன்ஸ் நிலையத்தில் நினைவுக்காக ஒரு பழைய சரக்குப் பெட்டியை நிறுத்தியிருக்கிறார்கள். அதைத் தாண்டித்தான் நான் மாதக்கணக்கில் ரயிலேறப் போய்க்கொண்டிருந்தேன். ஏதோ ரயில்வே மியூசியம் என்று நினைத்திருந்தேன்.

2023 மார்ச் 5, அந்த ஸ்டாலின் செத்து எழுபது வருடம். அன்று இரவு செர்கேய் லோஸ்னிட்சாவின் 'ஸ்டேட் ஃப்யூனரல்' ஆவணப்படத்தை லேப்டாப்பில் போட்டேன். 2019இல் வந்தது. 1953இல் அரசே ஒரு பெரிய அஞ்சலிப் படத்துக்காக எடுத்து, பிறகு வெளியிடாமல் கிடப்பில் போட்ட படச்சுருள்களிலிருந்து தொகுத்தது. வர்ணனை கிடையாது. ரேடியோக் குரல், சோக இசை, காலடிச் சத்தம். மாஸ்கோவின் தூண் மண்டபத்தில் பிணம், அதைக் கடந்து போகிற முகங்கள், முகங்கள், இரண்டேகால் மணி நேரம். ராஜாஜி ஹால் வரிசைகளைப் பார்த்த ஊர்க்காரனான எனக்கு அந்த அமைதிதான் புரியவில்லை. நம் ஊரில் மார்பில் அடித்துக்கொள்வோம். இங்கே தொப்பியைக் கழற்றுகிறார்கள், ஒரு தரம் பார்க்கிறார்கள், நகர்கிறார்கள். பிணத்தை விட்டுவிட்டுக் கேமராவைப் பார்க்கிறவர்களும் உண்டு.

இதே சாவை வைத்து அர்மாண்டோ இயானுச்சி 2017இல் எடுத்த நகைச்சுவைப் படத்தை முன்பே பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருந்தேன். ரஷ்யாவில் அதற்கு 2018 ஜனவரியில் அனுமதியை ரத்து செய்தார்கள். அந்தப் படத்தில் ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த பெரியாவின் கதை இறுதிச் சடங்கோடு முடிந்துவிடும். உண்மையில் ஜூனில் கைதாகி டிசம்பரில்தான் சுட்டுக் கொன்றார்கள். லோஸ்னிட்சாவின் படத்தில் மார்ச் 9 அன்று மேடையேறிக் கம்பீரமாகவே பேசுகிறார். அடுத்துப் பேசிய வெளியுறவு அமைச்சர் மொலோத்தோவின் மனைவி அந்த நேரத்தில் சிறையில் இருந்தார், சிறையில் வைத்தவரைப் புகழ்ந்துதான் புருஷன் பேசுகிறார். எந்தக் காமெடிக்காரனுக்கும் இது தோன்றாது. பிணத்தைப் பார்க்கப் போன கூட்டம் மாஸ்கோவின் துரூப்னயா சதுக்கத்தில் நெரிபட்டபோது, குறுக்கே நிறுத்திய ராணுவ லாரிகளுக்கும் சுவர்களுக்கும் இடையில் நசுங்கிச் செத்தவர்கள் மட்டும் இந்தச் சுருள்களில் இல்லை. இளைஞனாக அந்தக் கூட்டத்தில் மாட்டிய கவிஞர் யெவ்துஷெங்கோ 1990இல் தானே ஒரு படம் எடுத்துத்தான் அதைக் காட்ட வேண்டியிருந்தது.

பாதிப் படத்தில் பாட்டி தேநீரோடு மேலே வந்தார். நிறுத்தப் போனேன், வேண்டாம் என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் பார்த்தார். பிணத்தைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. "நல்ல கோட்டு" என்றார் ஒருமுறை. "காலணி நனைந்திருக்கிறது" என்றார் இன்னொரு முறை. தலையில் துணி கட்டிய ஒரு பெண் விசும்பும் காட்சியில் என் அரைகுறை லாட்விய மொழியில் கேட்டுவிட்டேன்: இது நிஜ அழுகையா?

"நானும் அழுதேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை அழுதாராம், பிள்ளைகள் எல்லோரும் அழுதார்களாம், பதினோரு வயதில் அவரும் தேம்பித் தேம்பி அழுதாராம். நடிக்கவில்லை, அழுகை தானாக வந்தது என்றார். வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் செய்தியைச் சொன்னார். அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஒன்றும் பேசவில்லை. ஒளித்துவைத்திருந்த சர்க்கரையை எடுத்து, எல்லோருடைய தேநீரிலும் ஒவ்வொரு கரண்டி போட்டார். ஊர் திரும்ப இன்னும் நாலு வருடம் ஆனது.

அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "அந்தம்மாவுக்கு இப்ப எத்தனை வயசு?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 25 காலை பாட்டி கதவைத் தட்டினார். அன்று வீட்டுக்கு வீடு கறுப்பு நாடா கட்டிய கொடி பறக்க வேண்டும். இத்தனை வருடம் அவரே ஏறுவாராம், இந்த வருடம் முட்டி மடங்கவில்லை. நான் ஏணியில் ஏறினேன். கையுறையோடு முடிச்சுப் போட வரவில்லை, கழற்றினால் விரல் மரத்துப் போகிறது. கீழே அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் இறுக்கிக் கட்டு, காளிஸ். மத்தியானம் காற்று அடிக்கும்."